மூன்றாம் குழி

தொண்டியில் ஏறிய மூன்றாம் நாள் காலை
ஆற்றங்கரை முகத்துவாரத்தில்
காத்தாடியின் ஆணி முறிந்தது.
இன்னாசி இடுப்பளவு நீரில் இறங்கி
கையால் தடவிப் பார்த்துவிட்டு
"பனைக்குளம் பட்டறைக்குத்தான் போகணும்,
இனி சாயங்காலம்" என்றார்.

அதற்காகவே காத்திருந்தவள்போல
அக்கா பையைத் திறந்து தாளை எடுத்தாள்.
மணியார்டர் படிவத்தின் பின்பக்கம்
பச்சை மையில் மூன்று இடங்கள்.

ஊருக்குப் பேர் ஆற்றங்கரை.
ஆறு விடுப்பில் இருந்தது.
மழை தப்பாத வருடங்களில் மட்டும்
நாலு நாள் வந்து தங்கிப் போகுமாம்,
மாப்பிள்ளை மாதிரி.
மற்ற நாளெல்லாம் அதன் இடத்தில்
கடல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்து உப்புக் கச்சேரிக்கு
நாலு சுவர் இருந்தது, கூரை இல்லை.
உள்ளே ஓர் உடைமரம்
அதிகாரியின் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.
அதன் நிழலில் ஏழு வெள்ளாடுகள்.
ஒன்று மட்டும் எழுந்து எங்களை விசாரித்தது.
அக்கா முதல் வரியை அடித்தாள்.

வெயில் ஏற ஏற
மணல் செருப்புக்கும் காலுக்கும் நடுவே புகுந்துகொண்டது.
தள்ளுவண்டியில் பதினோரு குடங்களோடு
எதிரே வந்தவர்
நாங்கள் கேட்காமலே ஒரு சொம்பு தந்தார்.
"கல்லைப் பார்க்கவா? இந்தத் தண்ணி அதுக்குப் பக்கத்துலதான் எடுத்தது."

ஊரணிப் படியில் கிடந்தது கல்.
அதன்மேல் ஒரு பெண் போர்வை அடித்துக்கொண்டிருந்தாள்.
கல்வெட்டு என்றதும்
சங்கடப்பட்டுப் போர்வையை அள்ளித் தோளில் போட்டாள்.
அப்போது பார்த்தோம்:
தேய்ந்த பள்ளங்களில் சோப்பு நுரை நின்று
எழுத்தெல்லாம் வெள்ளையாக எழும்பியிருந்தது.
ஆறு வாரம் ஞாயிறுதோறும்
பழைய எழுத்துப் படித்த அக்கா
முழங்காலில் விழுந்து படித்தாள்.
நுரை அடங்குவதற்குள் கிடைத்தது ஒரே சொல்.
இவ்வூர்.

"இன்னொரு தரம் சோப்புப் போடட்டுமா?"
என்றாள் அந்தப் பெண்.
போட்டாள். வேறு எதுவும் தெளியவில்லை.

அழகன்குளத்தில் தோண்டிய இடம் எது என்று
யாரைக் கேட்டாலும்
செய்யதம்மாள் வீட்டைக் காட்டினார்கள்.
"லாத்தா" என்று கூப்பிட்டதும்
கையில் ஆய்ந்துகொண்டிருந்த கணவாயோடு வெளியே வந்தார்.
மதுரைப் பக்கத்துப் பையன்கள்
நூல் கட்டிச் சதுரம் போட்டுத்
தூரிகையால் பெருக்கிப் பெருக்கி
ஆள் மட்டத்துக்குக் கீழே போனார்களாம்.
ஓடு, மணி, பிறகு ஏதோ காசு.
எல்லாம் எண் போட்ட பையில் போயிற்று.
"எங்க வாசலை எங்களைவிட நல்லாக் கூட்டினானுங்க."

குழி எங்கே?

கொல்லையில் ஒரு முருங்கை நின்றது.
"மூணாம் குழி. மூடிட்டாங்க.
மண்ணுதான் இளகிக் கெடக்கே, சும்மா விடுவானேன்னு
ஒரு போத்து நட்டு வச்சேன்.
ரெண்டே வருசம். கை வலிக்க வலிக்கக் காய்க்குது."

அக்கா தாளை மடித்தாள்.
எதையும் அடிக்கவில்லை.
மரத்தடியில் குனிந்து தேடினாள்,
பாசி ஏறிய ஒரு சில்லு கிடைத்தது.
"அது போன ரம்ஜானுக்கு ஒடஞ்ச கஞ்சிச் சட்டி"
என்றார் செய்யதம்மாள்.
காசு வாங்க மறுத்து
ஒரு கட்டுக் காயை வாழைநாரில் கட்டிக் கொடுத்தார்.

கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு
அக்கா முன்னே நடந்தாள்.
நான் பின்னே, ஒரு செருப்போடு.
மற்றது எந்த மணலில் போனதென்று
இன்றுவரை தெரியாது.

இன்னாசி புது ஆணியோடு வந்து
காத்தாடியைச் சுற்றிப் பார்த்தார். சுற்றியது.
ஆனாலும் இருட்டிவிட்டது,
நங்கூரத்திலேயே உலை வைத்தோம்.
நண்டும் முருங்கையும்.
ஏனம் தட்டும் ஓசை, அலை, பிறகு
மூன்று பேர் உறிஞ்சும் சத்தம்.
இன்னாசி சக்கையைக் கடலில் துப்பினார்.
நானும்.

அக்கா மட்டும் ஒரு சக்கையைத்
தட்டின் விளிம்பில் வைத்து
டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"முத்தலோன்னு பாக்குறீங்களா?" என்றார் இன்னாசி.
"இல்லம்மா. நல்ல பிஞ்சு."